அடகில் நகை, தம்பி கையில் நாற்பது டொமைன் பெயர்கள்

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. என் தம்பி மூன்று வருடங்களுக்கு முன், பிறகு விற்கலாம் என்று நாற்பது டொமைன் பெயர்கள் (இணையத்தள முகவரிகள்) வாங்கினான். வாங்கியதற்கும், பிறகு வருடாவருடம் புதுப்பித்ததற்கும் நான்தான் நகையை அடகு வைத்துக் காசு கொடுத்தேன். ஒரு பெயருக்கு 12 டொலர். அடகு வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 18. பெறுமதி சொல்லும் இலவசத் தளம் ஒன்றில் பார்த்துவிட்டு, எல்லாம் சேர்த்து 18,000 டொலர் பெறும் என்கிறான். இப்போது ஒரு பெயரை 4,500 டொலருக்கு வாங்குவதாக வெளிநாட்டிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். ஆனால் அதற்கு முதல் 180 டொலர் கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டுமாம். அதற்கும் இந்த வருடப் புதுப்பித்தலுக்கும் என் தாலிக்கொடியைக் கேட்கிறான். இந்தப் பெயர்களின் உண்மையான பெறுமதியை எப்படி அறிவது?

பதில்: சகோதரி, தாலிக்கொடியைக் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் கதை டொமைன் வியாபாரத்தில் பழைய மோசடி. 180 டொலர் போய்ச் சேர்ந்ததும் வாங்க வந்தவரைக் காணக் கிடைக்காது. உண்மையாக வாங்குகிறவர் விற்பவரைக் காசு கட்டிச் சான்றிதழ் எடுக்கச் சொல்ல மாட்டார். இடையில் பணத்தைப் பிடித்து வைத்து, பெயர் கைமாறியதும் விடுவிக்கும் எஸ்க்ரோ சேவை மூலம் முடிப்பார்.

இனிப் பெறுமதிக்கு வருவோம். இலவசத் தளம் காட்டுவது ஒரு கணினிக் கணக்கு. பெயரின் நீளம், அதிலுள்ள சொற்கள், கடைசியில் வருவது .கொம் தானா வேறொன்றா, இதைப் போன்ற பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று பார்த்து ஓர் எண்ணைக் கக்கும். வாங்க ஆள் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. காணிக்கு விலை பார்க்கும்போது பக்கத்துக் காணிக்காரர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உறுதி எழுதி முடிந்த விலையைத்தானே விசாரிப்போம்? இங்கேயும் அப்படித்தான். நேம்பயோ என்ற தளத்தில் விற்று முடிந்த பெயர்களின் விலைகள் இருக்கின்றன. தம்பியின் பெயர்களோடு ஒத்தவற்றை அதில் தேடிப் பாருங்கள். விலைபோகாமல் கிடக்கும் பெயர்கள் அந்தப் பட்டியலில் வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் தளம் அதிக விலை போட்டிருப்பது, நிலாவெளியையும் 'ரூம்ஸ்' என்ற சொல்லையும் நடுவில் கோடு போட்டு இணைத்த பெயருக்கு: 1,400 டொலர். அதை யார் வாங்குவார்? நிலாவெளியில் விடுதி நடத்தும் சிலர்தான். அவர்களில் பலருக்கு ஆட்கள் வருவது புக்கிங் டொட் கொம் என்ற அறைப் பதிவுத் தளம் வழியாக. சொந்தத் தளம் வேண்டுமென்றாலும் ஒரு சொல்லை மாற்றிப் போட்டு 12 டொலருக்குப் புதுப்பெயர் எடுத்துவிடலாம். இன்னொன்றில் பெரிய விமான நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அதை உடனே கைவிடச் சொல்லுங்கள். வர்த்தகக் குறி வைத்திருப்பவர் முறையிட்டால் பெயரைப் பறித்துக் கொடுக்கும் நடைமுறை 1999இலிருந்தே இருக்கிறது, நட்டஈடும் கிடையாது.

வாய்ஸ் டொட் கொம் 2019இல் 30 மில்லியன் டொலருக்கு விற்றதைத் தம்பி சொல்கிறாராம். உண்மைதான். உலகமெங்கும் புரியும் ஒற்றைச் சொல் அது, வாங்கியதும் பணமுள்ள நிறுவனம். தம்பியிடம் அப்படி ஒன்றுகூட இல்லை.

செலவைப் பாருங்கள். 40 பெயர், 12 டொலர் வீதம் 480 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 144,000 ரூபா. மூன்று முறை கொடுத்தது 432,000. தனிவட்டியாகப் போட்டாலும் இதுவரை ஏறிய வட்டி ஏறத்தாழ 155,000. ஆறு இலட்சத்தைத் தொடுகிறது. வரவு? நல்ல பெயர்கள் நூறு வைத்திருப்பவருக்கே வருடத்தில் ஒன்றிரண்டு விற்றால் பரவாயில்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பேச்சு. தம்பிக்கு ஒன்று 500 டொலருக்கு விற்றாலும், சந்தைத் தளத்தின் தரகு கழிந்து 400 அளவில்தான் மிஞ்சும். அந்த வருடப் புதுப்பித்தலுக்கே அது காணாது.

பெயர்கள் உங்களுக்குப் பாரமில்லை, அவற்றை வருடாவருடம் அடகுக் காசில் தூக்கி நிறுத்துவதுதான் பாரம். தம்பிக்கு நீங்கள் கொடுக்கும்வரை அவருக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய தேவையே வராது. இப்போது .ஏஐ என்று முடியும் பெயர்கள் வாங்க வேண்டும் என்கிறாராம். அதற்குக் குறைந்தது இரண்டு வருடக் காசை ஒரேயடியாகக் கட்ட வேண்டும், விலையும் .கொம் பெயரைவிடப் பல மடங்கு. உங்கள் காசில் அதைத் தொடவே கூடாது.

தம்பியிடம் இப்படிக் கேளுங்கள்: நாற்பதில் எந்த மூன்றை உன் சொந்தச் சம்பளத்தில் புதுப்பிப்பாய்? அந்த மூன்று போக மற்றவற்றுக்குத் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தட்டும். வைத்திருக்கும் மூன்றை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதிக்காரர்களிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டட்டும், மே மாதம் சீசன் தொடங்க முன்னமே. இணையத்தளம் செய்யத் தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரோடு தளத்தையும் செய்து கொடுத்துக் காசு கேட்டால் கொடுக்க ஆள் இருக்கும். அவர்கள் சொல்லும் விலைதான் இன்றைய பெறுமதி.

நீங்கள் இன்றைக்கே அடகுச் சீட்டுகளை எடுத்துத் திகதி பாருங்கள். தவணை முதலில் முடிவது எதுவோ, இந்த வருடம் தம்பிக்கு ஒதுக்கியிருந்த காசில் அதை மீட்டுவிடுங்கள்.