உப்பு: தேவையான அளவு

கேள்வி: சமையலுக்குப் புதியவன். எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைத் தோசைக்கல்லில் வாட்டினால் ஒவ்வொரு முறையும் சக்கையாகிவிடுகிறது. குறிப்பில் ‘உப்பு, மிளகுத்தூள் தேவையான அளவு’ என்று இருக்கிறது. சாறு வற்றாமல் செய்வது எப்படி?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தேவையான அளவு! இந்த இரண்டு சொற்களை ஒழிக்க இருபது வருடமாகப் போராடுகிறேன். யாருக்குத் தேவையான அளவு? எனக்கா, என் ரத்தக்கொதிப்புக்கா? அளவு தெரிந்தவன் குறிப்பு எதற்குப் படிக்கிறான்? ‘பொன்னிறமாக வதக்கவும்’ இதற்குத் தம்பி. 22 காரட்டா, 18 காரட்டா என்று சொல்வதில்லை. ‘பச்சை வாசனை போகும்வரை’ என்கிறார்கள். ஜலதோஷக்காரன் அடுப்பருகே நின்றால் என்ன கதி?

ஒருமுறை நம் சமையல் இணைப்பில், வத்தக்குழம்புக் குறிப்பிலிருந்து அந்தச் சொற்களை அடித்துவிட்டு ‘இரண்டு டீஸ்பூன்’ என்று நானே போட்டேன். எழுதிய அம்மாள் கல்லுப்புக்காரர், வாசகர்கள் பொடியுப்புக்காரர்கள். கல்லுப்பில் இடைவெளி அதிகம், அதே கரண்டியில் எடை குறைவு. அந்த வாரம் வந்த கடிதங்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஆகவே எடை போடுங்கள். அரைக் கிலோ கறிக்கு 7 கிராம் உப்பு; பொடியுப்பு என்றால் தலைதட்டி ஒரு டீஸ்பூன், மேலே ஒரு சிட்டிகை.

சரி, சக்கைக்கு வருவோம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. சூடு ஏற ஏறத் தசைநார் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி நீரை வெளியே தள்ளிவிடும். உப்பைத் தடவி ஒரு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க, ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே இறங்கி நாரைத் தளர்த்தும், நீர் தங்கும். இன்னொன்று, கறி ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் வால். தடிமன் வேகுமுன் வால் வறட்டியாகிவிடும். பாலிதீன் தாளுக்குள் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தட்டி முக்கால் அங்குலத்துக்குச் சமமாக்குங்கள். நடுத்தரத் தீ, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால் இறக்கலாம். (காய்ச்சல் தெர்மாமீட்டரைச் செருகாதீர்கள், 42-ஓடு நின்றுவிடும்.) ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். பெருந்தீயில் மேலே முறுக விட்டால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்பார்கள். 1847-இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கிளப்பிவிட்ட கதை அது. ருசி வரும், பூட்டு விழாது.

மிளகு உங்கள் இஷ்டம். வத்தக்குழம்பு அம்மாள் இன்றும் குறிப்பு அனுப்புகிறார். உப்பு என்ற வரியே இருப்பதில்லை.