கேம் பூஸ்டர், ஆன்டிவைரஸ், ஆன்டி-சீட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னுடையது ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 உள்ள லேப்டாப். கேம் பூஸ்டர் போட்டால் எஃப்பிஎஸ் (விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) இரட்டிப்பாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நிஜமா?

பதில்: சட்டியில் இருந்தால்தானே தம்பி அகப்பையில் வரும்? பூஸ்டர் செய்வது இவ்வளவுதான்: பின்னணியில் ஓடும் புரோகிராம்களை மூடும், பவர் பிளானை மாற்றும், கேமுக்கு முன்னுரிமை கொடுக்கும். குரோமில் ஏகப்பட்ட டேப்களைத் திறந்து வைத்துவிட்டு விளையாடுகிறவருக்குக் கொஞ்சம் பலன் தெரியலாம். அதை நீங்களே மூடினாலும் அதே பலன்தான். விண்டோஸிலேயே 2017 முதல் கேம் மோட் இருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் ரேம் சிங்கிள் சேனலில், அதாவது ஒரே பாதையில் ஓடுகிறது. அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜிபியை வாங்கிப் போடுங்கள். எந்த பூஸ்டரும் தராத வித்தியாசம் தெரியும், முக்கியமாகத் திணறல் குறையும்.

கேள்வி: ரேம் கிளீனர் பட்டனை அழுத்தினால் 2 ஜிபி காலியாகிறதே, அது நல்லதுதானே?

பதில்: காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பலன் இல்லை. மறுபடி தேவைப்படும் என்று விண்டோஸ் எடுத்து வைத்திருப்பதைத்தான் அது வெளியே தள்ளுகிறது. அடுத்த நிமிடம் கேம் அதையே கேட்கும்; டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். விளையாடும்போது சில சமயம் அரை விநாடி உறைகிறதே, அது இதனாலும் வரலாம். அந்தக் கிளீனரை அழித்துவிடுங்கள்.

கேள்வி: சார், கேமிங்குக்கென்றே விற்கும் ஆன்டிவைரஸ் வாங்கலாமா? விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் எஃப்பிஎஸ்ஸைக் குறைக்கிறது என்கிறார்களே?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு டிஃபெண்டரே போதும். விளையாடும்போது அதன் சுமை மிகக் குறைவு. கேமை இன்ஸ்டால் செய்யும்போதும் அப்டேட் ஆகும்போதும்தான் தெரியும், ஏனென்றால் புதிதாக வரும் ஒவ்வொரு ஃபைலையும் அது பார்க்கிறது. காசு கொடுத்து வாங்குவதில் ‘கேமிங் மோட்’ என்பது பெரும்பாலும் அறிவிப்புகளை அடக்குவதும் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும்தான். 2021-இல் நார்ட்டன் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குள் ஈதர் மைனிங்கையே (நம் கம்ப்யூட்டரை ஓட்டி ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) சேர்த்தது. நாமாக ஆன் செய்தால்தான் ஓடியது, சரி. ஆனால் கிடைத்ததில் 15 சதவீதம் கம்பெனிக்குப் போனது. கரண்ட் பில் மட்டும் முழுசாக நமக்கு!

கேள்வி: ப்ரோ, ஒரு கிராக் கேம் (காசு கொடுக்காமல் விளையாடப் பூட்டை உடைத்தது) இறக்கினேன். ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்தான் (தவறான எச்சரிக்கை), டிஃபெண்டரை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்’ என்று ரீட்மீயில் எழுதியிருக்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். திருடனே வந்து நாயைக் கட்டச் சொல்கிறான்.

இப்போதைய மால்வேர் (தீங்கு செய்யும் புரோகிராம்) பெரும்பாலும் கம்ப்யூட்டரை மெதுவாக்காது, எதையும் காட்டாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் குக்கிகள், டிஸ்கார்டு அரட்டை அக்கவுன்ட்டைத் திறக்கும் டோக்கன் எல்லாவற்றையும் சில நொடிகளில் அள்ளி அனுப்பிவிடும். ஏற்கெனவே லாகின் ஆன குக்கி கையில் இருந்தால் ஓடிபியே கேட்காது. ‘டூ-ஃபேக்டர் போட்டிருந்தும் அக்கவுன்ட் போச்சு’ என்று பலர் சொல்வது இப்படித்தான்.

இது கிராக்கோடு முடிவதும் இல்லை. 2025 பிப்ரவரியில் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்திலேயே பைரேட்ஃபை என்ற கேம் மால்வேரோடு வந்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் அதை நீக்கிவிட்டு, விளையாடியவர்களுக்கு விண்டோஸையே புதிதாகப் போடுவது பற்றி யோசிக்கச் சொல்லி மெயில் அனுப்பியது. டிஸ்கார்டில் நண்பன் ‘நான் செய்த கேம், டெஸ்ட் பண்ணிச் சொல்லேன்’ என்று அனுப்பினால் போன் போட்டுக் கேளுங்கள். அவன் அக்கவுன்ட் அவனிடம் இல்லாமலும் இருக்கலாம்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்களுக்கு: அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் போய்விடும். நெட்டைத் துண்டித்துவிட்டு, போனிலிருந்து முதலில் மெயில், அப்புறம் ஸ்டீம், டிஸ்கார்டு என்று மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். அதன்பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பு அம்சத்தை அணைத்தால் எஃப்பிஎஸ் கூடுமா?

பதில்: சில கம்ப்யூட்டர்களில் கூடும். விளையாடும்போது அணைத்துவிட்டு, முடிந்ததும் ஆன் செய்யலாம் என்று 2022-இல் மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. இன்டெல் 7-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் சுமை அதிகம். புதியதில் வித்தியாசம் சொற்பம், நான் தொடமாட்டேன். ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து திரும்ப ஆன் செய்யும் பொறுமை யாருக்கு இருக்கிறது?

கேள்வி: வாலரண்ட் கேமின் ஆன்டி-சீட் (ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் புரோகிராம்) வான்கார்டு, கம்ப்யூட்டர் ஆன் ஆனதிலிருந்தே ஓடுகிறது. பயப்படணுமா?

பதில்: விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் மட்டத்தில் ஓடுவதால் கேள்வி நியாயமானதே. 2022-இல் கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை எடுத்து, ஆன்டிவைரஸை நிறுத்த ஒரு ரான்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிப்பவர்கள்) பயன்படுத்தியது. அதற்குக் கேம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வான்கார்டில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. வாலரண்ட் விளையாடும்வரை இருக்கட்டும். விட்டுவிட்டால், ஆப்ஸ் பட்டியலில் தனியாக இருக்கும் ரயட் வான்கார்டையும் தேடி நீக்குங்கள்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டைக் கவனிக்க உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை எங்கே இறக்குவது?

பதில்: எம்எஸ்ஐ தளம் அல்லது குரு3டி. தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். இதன் பெயரில் போலித் தளங்கள் நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டர் வாங்கினேன், வித்தியாசமே தெரியவில்லை. எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பாருங்கள்; 60 என்றே இருக்கும், 144 ஆக்குங்கள். 144 பட்டியலிலேயே வரவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். அப்படியே சிபியுவின் பின்பக்கமும் ஒரு பார்வை: கேபிள் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? கார்டில்தான் இருக்க வேண்டும்.