டிஸ்ப்ளே என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்னென்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

என் அப்பா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவர். வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்தபடி, மடித்து வைத்த பட்டுச் சேலையின் முனையைப் பிடித்து ஓர் உதறு உதறுவார். மடிப்புகள் சரசரவென்று அவிழ்ந்து, உள்ளே ஒளிந்திருந்த சரிகை வந்தவர்களின் முழங்கால் வரை வந்து விழும். டிஸ்ப்ளே என்ற சொல்லின் வேர்ப்பொருளை எனக்கு யாராவது கேட்டால் அந்த உதறலைத்தான் சொல்வேன்.

லத்தீனில் 'ப்ளிகாரே' என்றால் மடித்தல். பிரிவைக் குறிக்கும் 'டிஸ்' முன்னால் சேர்ந்து 'டிஸ்ப்ளிகாரே' ஆனது. மடிப்பைப் பிரித்தல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, சுருட்டிய கொடியை விரித்துப் பறக்கவிடுவதற்கே அதைச் சொன்னார்கள். காட்சிக்கு வைத்தல், காட்டுதல் என்ற பொருளெல்லாம் அதற்குப் பிறகுதான். குலச்சின்னங்களில் இறக்கை விரித்து நிற்கும் கழுகுக்கும், பெட்டைக்கு முன் தோகை விரிக்கும் மயிலின் செயலுக்கும் ஆங்கிலத்தில் இன்றும் இதே சொல். கடைக் கண்ணாடிக்குள் அடுக்கிய பொருள், கைப்பேசித் திரை என்று இப்போது எங்கோ வந்துவிட்டது.

இதன் உறவுக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். சேலைக் கொசுவத்துக்குச் சொல்லும் 'ப்ளீட்', அடுக்கடுக்காக ஒட்டிய பலகையான 'ப்ளைவுட்', இரட்டை மடிப்பான 'டூப்ளிகேட்' எல்லாமே அந்த மடிப்பு வேரில் பிறந்தவை. படையை அணிவகுத்து நிறுத்தும் 'டிப்ளாய்' டிஸ்ப்ளேயின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அதே 'டிஸ்ப்ளிகாரே' பிரெஞ்சு வழியாகப் பின்னாளில் இன்னொரு முறை ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

'ஷோ' வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் 'பார்த்தல்'. பிறகுதான் பார்க்கச் செய்தல் என்று திரும்பியது. அதன் ஜெர்மன் உறவுச் சொல் இன்றும் பார்த்தல் என்றே நிற்கிறது.

ஆகவே டிஸ்ப்ளே என்பதற்கு எல்லா இடத்திலும் 'காட்சிப்படுத்துதல்' என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. பல இடங்களில் 'விரித்துக் காட்டுதல்' என்பதே வேருக்கு நெருக்கமாகவும் வாய்க்கு இதமாகவும் இருக்கிறது. அண்மையில் ஒரு கடையில் மடிக்கும் கைப்பேசியை விற்பனையாளர் விரித்துக் காட்டினார். உள்ளிருந்த அகலத் திரை பளிச்சென்று ஒளிர்ந்தபோது எனக்கு அப்பாவின் கைகள்தான் தெரிந்தன.