வன்னிக் கடலோரத்தில் சைக்கிள் ஓட எந்த வீதி நல்லது?

தை மாதக் கடைசியில் பதினைந்து வயது மகளோடு ஊருக்கு வருகிறீர்கள், இருவருக்கும் சைக்கிள் ஓடிப் பழக்கம் உண்டு, வன்னிப் பக்கம் கடலை ஒட்டி வாகனத் தொல்லை இல்லாமல் இரண்டு நாளைக்கு ஓட வழி இருக்கிறதா, மன்னார் வீதி நல்லது என்று சிலர் சொல்கிறார்களே, இதுதானே உங்கள் கேள்வி. வழி இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய்க்குப் போகும் வீதிதான் அது. மன்னார் வீதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சைக்கிளுக்கென்று போட்ட தனிப்பாதை இந்தக் கரையில் கிடையாது. வெளிநாட்டில் ஆற்றோரமும் கடலோரமும் கார் ஏறமுடியாத பாதைகளில் ஓடிப் பழகியிருப்பீர்கள், அப்படி ஒன்றை இங்கே தேட வேண்டாம். இங்கே இருப்பது ஆள் குறைந்த வீதி. காலை ஆறு மணிக்குச் சிலாவத்தை தாண்டினால் மீன் ஏற்றும் கூலர் வாகனம் ஒன்றிரண்டு, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிய மீன் வியாபாரிகள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஒரு பஸ், இவ்வளவுதான் எதிரே வரும். யாழ்ப்பாணம் போகும் பெருவீதியான ஏ9 பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். கொழும்பு பஸ்கள் அதில் வருகிற வேகத்துக்குச் சைக்கிள்காரன் மண்ணில் இறங்கித்தான் உயிர்தப்ப வேண்டும், பிள்ளையோடு அது வேண்டவே வேண்டாம்.

சரி, பாதை. முல்லைத்தீவு நகரில் இரவு தங்கி, விடியுமுன் கிளம்புங்கள். சிலாவத்தை, உப்புமாவெளி, அளம்பில், செம்மலை, நாயாறு, அப்புறம் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கடைசியில் கொக்கிளாய். ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர், ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிப்பார்களே, அதற்குத் தீர்த்தம் எடுப்பது இந்தச் சிலாவத்தைக் கரையில்தான். வைகாசிப் பொங்கல் நாட்களில் இந்தப் பக்கம் சனம் அலைமோதும், நீங்கள் வரும் காலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அளம்பில் வரை தென்னையும் பனையும் வீடுகளும் வேலிகளும்தான், கடல் அவற்றுக்குப் பின்னால் சத்தமாக மட்டும் கூடவே வரும். எந்த ஒழுங்கையிலாவது கிழக்கே திரும்பினால் சில நிமிடத்தில் மணல். ஆனால் சைக்கிளை மணலுக்குள் இறக்காதீர்கள். செயினில் மணல் புகுந்தால் அன்றைய ஓட்டமே கெட்டுவிடும், வீதியோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

செம்மலை கழிந்து நாயாறு வரும் இடத்துக்காகத்தான் உங்களை இந்த வீதிக்கு அனுப்புகிறேன். அங்கே மரங்கள் விலகி, ஒரு கை கடலும் மறு கை களப்புமாக வெளி திறந்துவிடும். பாலத்தடியில் எப்போதும் இரண்டு மூன்று பேர் வீச்சுவலையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். வலையை இடது தோளில் ஒரு மடிப்பு, விளிம்பை முழங்கையில் ஒரு மடிப்பு, ஈயமணிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அப்படியே அசையாமல் தண்ணீரைப் பார்த்து நின்று, திடீரென்று உடம்பு முழுவதையும் திருப்பி எறிவார்கள், வலை வட்டமாக விரிந்து விழும். பத்துத் தரம் எறிந்தால் ஓரிரு தரம் இறால் ஏறும். மகளுக்குக் காட்டுங்கள், கேட்டால் எறியவும் கொடுப்பார்கள். கரைப்பக்கம் மீன் வாடிகள், அதாவது தொழிலாளர் தங்கும் கொட்டில்கள், இருக்கும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்க, அங்கிருந்து தொழிலாளர்கள் இந்தப் பக்கம் வந்து வாடி போடுவதும், வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கத் திரும்பிப் போவதும் நெடுங்கால வழக்கம். இப்போது இடங்களுக்காகவும் தொழில் உரிமைக்காகவும் உள்ளூர் மீனவருக்குப் பெரிய மனக்குறை உண்டு, தேத்தண்ணிக் கடையில் இருந்தால் நீங்கள் கேட்காமலே சொல்லுவார்கள். கேளுங்கள், அவர்களுடைய கடல் அது.

நாயாறு தாண்டினால் வீதி கொஞ்சம் உள்ளே போய், வயலும் பற்றையுமாக மாறும். கொக்குத்தொடுவாய்ப் பக்கம் யானை வருவதுண்டு. அதனால்தான் அந்தத் துண்டை வெளிச்சத்தில் மட்டும் ஓடச் சொல்கிறேன். கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், தை மாசியில் பூநாரை, கூழைக்கடா, நாரை எல்லாம் பார்க்கலாம். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை. இல்மனைற் என்ற கனிமம் எடுக்கும் மணல் அந்தக் கரையோடு கிடப்பதால் சில இடங்களில் கரை மணல் கறுப்பாக இருக்கும், வெயிலில் கால் வைக்க முடியாது.

காற்றைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், வெயிலைத்தான் சொல்லியிருப்பார்கள். வன்னியில் சைக்கிளைத் தீர்மானிப்பது காற்று. தையில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. கொக்கிளாய் வீதி தென்கிழக்காக ஓடுவதால் காற்று போகும்போது இடது விலாவிலும் வரும்போது வலது விலாவிலும் படும், முகத்தில் அறையாது. அதனால் போய் அதே வழியால் திரும்பினாலும் ஆள் களைக்காது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம், அது தென்மேற்கிலிருந்து வரும், அப்போதும் இந்த வீதிக்கு அது பக்கக் காற்றுதான். மன்னார் வீதி அப்படி இல்லை. அது வடக்குத் தெற்காகப் போகும், திறந்த வெளி, காற்றுக்கு எதிரே போனால் பெடல் மிதிக்க மிதிக்க சைக்கிள் நிற்கும். மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 2020இல் முப்பது காற்றாலைகளை நட்டு நூறு மெகாவாற் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள் என்றால் அந்தக் கரையில் எவ்வளவு காற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காலத்திலும் விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும், ஒன்பது பத்து மணிக்குமேல் எழும்பும். தூரமான பாதியை அதற்குள் முடித்துவிடுங்கள்.

இப்போது மன்னார் வீதி, ஏ32. யாழ்ப்பாணத்துக்குக் கிட்டிய நாவற்குழியால் இறங்கி, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, நாச்சிக்குடா, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மன்னார் வரை. 2011இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் களப்பைக் கடக்க வேண்டும். பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை இருக்கிறது. வீதி நல்ல கார்ப்பெற், ஆனால் அதனாலேயே வாகனங்கள் பறக்கும், கடலும் பெரும்பாலான இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. சங்குப்பிட்டிப் பாலத்தில் காலையில் நின்று பார்ப்பதற்காக ஒரு நாள் போகலாம். முழுவதும் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் தையில் பூநகரியிலிருந்து மன்னாருக்கு ஓடுங்கள், வாடை முதுகில் தள்ளும். சோளகத்தில் என்றால் மறுபக்கம்.

சைக்கிள் எது என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கிருந்து கொண்டுவர வேண்டாம் என்பேன். இங்கே ஒரு சாதாரண லுமாலா சைக்கிள் வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ, வால்ரியூப் போனாலும் ரியூப் போனாலும் சின்னச் சந்தியில்கூட ஒருவர் குந்தியிருந்து ஒட்டுப் போட்டுத் தருவார். மெல்லிய சில்லுக் கியர் சைக்கிளுக்கு ரியூப் முல்லைத்தீவில் தேடிக் களைக்க வேண்டிவரும். இந்த ஊரில் ரயருக்கு எதிரி நெருஞ்சி. மாரி முடிந்து மண் காயக் காய அது வீதியோரப் புல்லில் பழுத்துக் கிடக்கும், ஒரு காயில் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே நிமிர்ந்து நிற்கும். வாகனத்துக்கு இடம் விட ஓரத்தில் இறங்கினீர்கள் என்றால், ஏறியவுடன் சில்லைச் சுற்றிப் பாருங்கள். ஏறின முள்ளை அங்கேயே பிடுங்கிவிடுங்கள், விட்டால் ஓட ஓட உள்ளே இறங்கி ரியூப்பைத் துளைக்கும். ஒட்டும் சொலூசனும் ஒரு கைப்பம்மும் எப்படியும் வைத்திருங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர், கரையோரக் கிணறுகள் பல உவர்.

இதைக் கவனமாக வாசியுங்கள். வீதி, ஊர், கோயில், கடற்கரை எல்லாம் சனம் புழங்கும் இடங்கள், பயமில்லை. ஆனால் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு மிதிவெடி என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும் அவசரத்துக்கு ஒதுங்க வேண்டாம், ஒரு வீட்டில் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் பிள்ளை தொடக் கூடாது. நாயாற்று முகத்துவாரத்தில் குளிக்க வேண்டாம், மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் இழுவை இருக்கிறது. களப்புகளில் முதலையும் உண்டு.

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு வருவீர்கள் என்றால் முள்ளிவாய்க்காலையும் வட்டுவாகலையும் கடந்துதான் வர வேண்டும். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். 2009இல் போரின் கடைசி நாட்களில் அந்த ஒடுங்கிய மணல்துண்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நினைவிடம் வீதிக்குக் கிட்டத்தான். அந்தத் துண்டில் நான் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டுதான் நடப்பேன், மகளுக்கும் அங்கே நின்று சொல்லுங்கள், இந்தக் கரையை அதைத் தெரியாமல் அவள் ஓடக் கூடாது. பழைய வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், எதிரே பஸ் வந்தால் ஏறாமல் காத்திருங்கள்.

கொக்கிளாயில் பத்து மணிக்குமுன் திரும்பத் தொடங்குங்கள். மகள் களைத்துவிட்டால் வற்புறுத்த வேண்டாம், அந்த வீதியில் வெறும் பெட்டியோடு போகும் லான்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, மறித்தால் இரண்டு சைக்கிளையும் ஏற்றி அளம்பிலில் இறக்கிவிடுவார்கள். காசு வாங்க மறுத்தால் கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். கடைசியாக, மாரி மழை பலமாக இருந்த வருடம் என்றால் புறப்படுவதற்கு முதல் நாள் பாலங்களும் மதகுகளும் எப்படி இருக்கின்றன என்று முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் கொக்கிளாய் பஸ் சாரதியிடம் கேட்டுவிடுங்கள். அவரைவிடச் சரியாக யாரும் சொல்ல மாட்டார்கள்.