டீசல் காசை வரியில் கழிக்கலாமா? கேள்வி பதில்

வவுனியாவில் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். சுயதொழில் செய்வோரின் வாகனச் செலவு பற்றி மட்டும் கேளுங்கள்.

மாங்குளம், மின்னிணைப்பாளர்: மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். பிள்ளையைப் பள்ளிக்கும் அதிலேயே ஏற்றுகிறேன். பெற்றோல் முழுவதையும் கழிக்கலாமா?

முடியாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வருமானம் ஈட்டச் செய்த செலவையே ஏற்கும். வீட்டுச் செலவைத் தள்ளிவிடும். ஆண்டில் 20,000 கிலோமீற்றர் ஓடி, 14,000 தொழிலுக்கானது என்றால் நூற்றுக்கு எழுபது கழியும். அந்த 14,000ஐக் காட்ட ஒரு கொப்பி வேண்டும்: திகதி, மீற்றர் இலக்கம், போன இடம், போன காரியம். வரியாண்டு முடியும் மார்ச் 31 இரவு ஒரே பேனாவால் எழுதி முடித்த கொப்பியை நானே கண்டுபிடித்துவிடுவேன். அதிகாரி கண்டுபிடிக்க மாட்டாரா?

கிளிநொச்சி, தனியார் வகுப்பு ஆசிரியர்: லண்டனில் அண்ணா மைலுக்கு 45 பென்ஸ் கழிக்கிறாராம். நமக்கு எவ்வளவு?

அது அந்த நாட்டு முறை. அங்கும் முதல் 10,000 மைலுக்குத்தான். இங்கே அப்படி வீதம் இல்லை. செலவழித்ததே கணக்கு.

வவுனியா, ஓட்டோ உரிமையாளர்: பொலிஸ் எழுதிய தண்டப்பணம்?

கழியாது.

முல்லைத்தீவு, மீன் ஏற்றும் பட்டா (சின்ன லொறி) வைத்திருப்பவர்: 18 இலட்சம் வரை வரி இல்லை. எனக்கு மிஞ்சுவது 15 இலட்சம். பற்றுச்சீட்டு எதற்கு?

மிஞ்சுவது 15 என்று யார் சொன்னது? நீங்கள்தானே. ஆண்டு வாடகை 32 இலட்சம், டீசல், டயர், கராஜ் எல்லாம் 17 இலட்சம் என்று வையுங்கள். சீட்டு இருந்தால் மீதி 15, வரி இல்லை. சீட்டு இல்லாமல் 17ஐயும் மறுத்தால் 32இல் 18 போக 14 இலட்சத்துக்கு வரி: முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மிச்ச நாலுக்கு 18 வீதம். மொத்தம் 1,32,000 ரூபாய். வரி வராதவருக்குத்தான் சீட்டு அதிகம் தேவை.

அவரே மீண்டும்: முல்லைத்தீவு வரை வந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

வரத் தேவையில்லை. உங்களுக்கு வாடகை கொடுக்கும் கம்பனி அதைத் தன் செலவாக எழுதும். அந்தப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

புதுக்குடியிருப்பு, அரிசி வியாபாரி: அவர் கேட்பது நியாயம்தானே? பெரிய முதலைகளை விட்டுவிட்டுப் பட்டாக்காரரையா பிடிப்பது?

முதலைகளைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைப் படிவத்தில் எழுத இடமில்லை. டீசல் சீட்டை எழுத இடமிருக்கிறது.

நெடுங்கேணி: சீட்டுகள் வெயிலில் வெளிறிப் போய்விட்டனவே?

வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகினால் வேறென்ன ஆகும்? அன்றன்றே படம் எடுத்து வையுங்கள்.

மல்லாவி: மனக்கணக்கு போதாதா?

மேலே படியுங்கள். கொப்பி.

புளியங்குளம்: லீசிங் எங்கே மலிவு?

என்னிடம் கேட்கும் கேள்வி இல்லை.

மன்னார்: நானும் சீட்டு எதுவும் வைக்கவில்லை. என்ன செய்யலாம்?

கொப்பி! இன்றைக்கே தொடங்குங்கள். அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30. போன ஆண்டைப் புலம்பி மீட்க முடியாது.

ஒட்டுசுட்டான்: ஐயா, எந்தக் கொப்பி வாங்க வேண்டும்?

பிள்ளை எழுதி மிச்சம் வைத்தது போதும். புதிதாக வாங்கினால் சீட்டை எடுத்து வையுங்கள், அதுவும் செலவுதான்.