நிலாவெளி வீதியில் சைக்கிள் பாதை கேட்பதற்கு முன்

கேள்வி: நாங்கள் திருகோணமலையில், அலஸ்தோட்டத்தில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் தரம் படிக்கிறாள். நகருக்குள் இருக்கும் பாடசாலைக்கும் பின்னேர வகுப்புக்கும் சைக்கிளில் போக ஆசைப்படுகிறாள். நிலாவெளி வீதியில் பஸ்ஸும் டிப்பரும் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் விட மனம் வரவில்லை. அயலில் எங்களைப் போல பத்துப் பதினைந்து பெற்றோர் இருக்கிறார்கள். சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு மனு எழுத நினைக்கிறோம். யாரிடம் கொடுப்பது? கேட்டால் கிடைக்குமா?

பதில்: "சைக்கிள் பாதை அமைத்துத் தாருங்கள்" என்ற ஒற்றை வரியோடு போனால் கிடைக்காது. அந்த மனுவுக்கு "காணி இல்லை, நிதி இல்லை" என்று பதில் எழுதுவது மிகச் சுலபம். அதைவிட, உங்கள் வீட்டுப் படலையிலிருந்து பாடசாலைப் படலை வரை மகள் போகப்போகும் ஒரேயொரு வழியை எடுங்கள். அந்த வழியில் எந்த இடத்தில், எதனால் ஆபத்து என்று இடம் இடமாக எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் செய்ய வேண்டிய வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் முழுவதும் உடனே நடக்காவிட்டாலும் பாதியாவது நடக்கும்.

வீதியோரத்தில் வெள்ளைக்கோடு போட்டு ஒன்றரை மீற்றரைச் சைக்கிளுக்கு ஒதுக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடு காயுமுன்பே அங்கே ஆட்டோ நிற்கும், அதன் பின்னால் லொறி நிற்கும். பிள்ளை அவற்றைச் சுற்றிக்கொண்டு, ஓடும் வாகனங்களுக்கு நடுவில் வெளியே வர வேண்டும். கோடு இல்லாத வீதியை விட இது மோசம், ஏனென்றால் அந்தக் கோட்டை நம்பித்தான் பெற்றோர் பிள்ளையை அனுப்பியிருப்பார்கள். வாகனம் ஏற முடியாத உயரத்தில் தடுப்புக்கல் இருந்தால்தான் அது பாதை.

ஸ்பெயினில் செவில் என்ற நகரம் இருக்கிறது. கோடையில் 40 பாகை வெயில் அங்கே சாதாரணம். 2006இல் தொடங்கி இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் சைக்கிள் பாதையைத் தடுப்போடு, ஒன்றோடொன்று தொடுத்துப் போட்டு முடித்தார்கள். சைக்கிளில் போகிறவர்கள் பல மடங்கு கூடினார்கள். இங்கே அரை கிலோமீற்றர், அங்கே அரை கிலோமீற்றர் என்று துண்டாகப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. "இந்த வெயிலுக்கு யார் சைக்கிள் ஓடுவார்?" என்று உங்களிடம் கேட்பவர்களுக்கும் செவில்தான் பதில். நமக்கு 80 கிலோமீற்றர் தேவையில்லை. உங்கள் பக்கத்து உப்புவெளியிலிருந்து நகருக்கு நாலைந்து கிலோமீற்றர்தான். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஆறுதலாக மிதித்தால் இருபது நிமிடம். அந்த நாலைந்து கிலோமீற்றர் அறுபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, யாரிடம் போவது? ஒரே பயணத்தில் உங்கள் மகள் பல நிறுவனங்களின் வீதிகளில் ஓடுகிறாள். நகரிலிருந்து நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் வீதியும், கண்டி வீதி போன்ற பெரிய வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. நகருக்குள் இருக்கும் சிறு வீதிகள் நகரத்து உள்ளூராட்சி மன்றத்துக்கும், உங்கள் பக்கத்து ஒழுங்கைகள் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கும் சேரும். போக்குவரத்துப் பொலிஸ் தனி. ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினால் ஒருவரையொருவர் கை காட்டிவிடுவார்கள். ஒரே கடிதத்தை எல்லாருக்கும் எழுதி, யாருக்கு யாருக்குப் பிரதி போகிறது என்பதைக் கடிதத்தின் அடியிலேயே போடுங்கள். பிரதேச செயலாளருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் ஒவ்வொரு பிரதி கட்டாயம். இவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் இருத்தும் இடம் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். உங்கள் விடயம் அந்த நிகழ்ச்சி நிரலில் ஏறினால்தான் பேச்சு நகரும். மாகாணத் தலைநகரில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: கொழும்புக்கு ஓடாமலே முக்கியமான அலுவலகங்களுக்கு நேரில் போய்வரலாம்.

கடிதத்தோடு இணைக்க ஆதாரம் வேண்டும். அதை நீங்களே சேர்க்கலாம், செலவு பெரிதாக இல்லை.

முதலில் எண்ணுங்கள். பாடசாலை தொடங்கும் முன்னும் விட்ட பின்னும், பின்னேர வகுப்பு முடியும் நேரத்திலும் ஒரு சந்தியில் நின்று சைக்கிள்களைக் குறியுங்கள். வெறும் மொத்தத் தொகை போதாது. பெண் பிள்ளைகள் எத்தனை, ஆண் பிள்ளைகள் எத்தனை, வளர்ந்த பெண்கள் எத்தனை, மீன்பெட்டி கட்டிய சைக்கிள் எத்தனை, கரியரில் ஆள் ஏற்றியவை எத்தனை என்று பிரியுங்கள். ஒரு வீதியில் பெண்களின் பங்கு மிகக் குறைவாக இருந்தால் அந்த வீதி பயமுறுத்துகிறது என்று அர்த்தம். அதே நேரம் பாடசாலை வாசலில் மோட்டார்சைக்கிளிலும் ஆட்டோவிலும் வந்து இறங்கும் பிள்ளைகளையும் எண்ணுங்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தும் ஓட்டாதவர்கள் பலர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு முறை, மாரி மழையில் ஒரு முறை எண்ணினால் கணக்கு இன்னும் உறுதியாகும்.

அடுத்து வேகம். வீதியோரத்தில் 100 மீற்றரை நாடாவால் அளந்து இரண்டு அடையாளம் வையுங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் அந்தத் தூரத்தை 7.2 விநாடியில் கடக்கும். 6 விநாடியில் கடந்தால் அது 60இல் ஓடுகிறது. இது ஏன் முக்கியம்? காய்ந்த வீதியில், சாரதி ஒரு விநாடிக்குள் பிரேக்கை மிதித்தால், 30இல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 13 மீற்றர் தேவை. 50இல் வருவதற்கு ஏறக்குறைய 28 மீற்றர் தேவை. நடப்பவரும் சைக்கிள்காரரும் வாகனங்களோடு கலந்து போகும் இடங்களில் 30தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த உலக அமைச்சர்கள் மாநாட்டுப் பிரகடனமே சொல்கிறது. பாடசாலை வாசல்களுக்கு முன்னால் அதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பலகை மட்டும் நட்டால் யாரும் மெதுவாக்க மாட்டார்கள். பாதசாரிக் கடவையையே கொஞ்சம் உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவு வைத்துக் கட்டச் சொல்லுங்கள். சாரதி மனம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வாகனம் மெதுவாகும்.

அதன்பின் சைக்கிளில் போய், வழி முழுவதும் தரையைப் பாருங்கள். காரில் போகும் பொறியியலாளருக்குத் தெரியாத விடயங்கள் அங்கேதான் இருக்கின்றன. தார் முடியும் இடத்துக்கும் கிரவலுக்கும் இடையில் எவ்வளவு பள்ளம்? நான்கு விரல் அளவு இருந்தாலே, பஸ்ஸுக்கு ஒதுங்கி இறங்கும் பிள்ளையால் திரும்ப ஏற முடியாது, முன்சில்லு வழுக்கிவிடும். வடிகான் மூடியின் கம்பிகள் வீதி போகும் திசையிலேயே நீளமாக இருக்கின்றனவா? அவற்றுக்குள் சில்லு இறங்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். கம்பி குறுக்காக இருக்க வேண்டும். மூடியைத் திருப்பிப் போடுவதோ மாற்றுவதோ மிகச் சிறிய வேலை. கொங்கிறீற் மூடிகளுக்கு நடுவில் இடைவெளி, கடற்கரைப் பக்கத்தில் காற்றள்ளிக் கொட்டிய மணல், மழைத் தண்ணீருக்குள் மறையும் குழிகள், பாலத்தில் சட்டென்று காணாமல் போகும் வீதியோரம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். படத்தில் ஓர் அளவுநாடாவும் தெரியட்டும். சாம்பல்தீவுப் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டி வரும் பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்காவது சில இடங்களில் உள்வீதி இருக்கும், பாலத்துக்கு உள்வீதி கிடையாது.

சந்திகளில் கூடுதல் நேரம் நில்லுங்கள். நேரே போகும் சைக்கிளை முந்திவந்து, உடனே இடப்பக்கம் திரும்பும் லொறிதான் மிகப் பெரிய ஆபத்து. சந்தியின் முனை அகலமாக வளைந்திருந்தால் லொறி வேகம் குறைக்காமல் திரும்பும். முனையை இறுக்கிக் கட்டினால் மெதுவாகத்தான் திரும்ப முடியும். சில கற்களும் ஒரு நாள் வேலையும் போதுமான இடங்கள் நிறைய உண்டு.

விபத்துக் கணக்கைப் பொலிஸிடம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆட்களின் பெயர் வேண்டாம். கடந்த சில வருடங்களில் அந்த வீதியில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வகை வாகனத்தோடு விபத்து நடந்தது என்பது போதும். வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், அந்த வீதிக்கு அடுத்து தார் போடும் திட்டம் எப்போது என்று கேளுங்கள். புதிதாகத் தார் போட்டுக் கோடு கீறும்போது வாகனம் ஓடும் தடம் ஒவ்வொன்றையும் 3.5 மீற்றரிலிருந்து 3 மீற்றராகக் குறைத்தால் இரண்டு பக்கமும் அரை மீற்றர் மிஞ்சும். தார் காய்ந்த பிறகு போய்க் கேட்டால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். வாகனம் நிறுத்தும் இடம் போய்விடும் என்ற அவர்களுடைய பயம் நியாயமானது. ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள் நிற்கும் என்பதைக் காட்டுங்கள். சந்தைக்கு முன்னாலும் பஸ் நிலையத்திலும் சைக்கிள் நிறுத்தும் கம்பி போடச் சொல்வதுதான் எல்லாரும் சம்மதிக்கும் முதல் வேலை. தலைகீழாக நட்ட 'ப' போன்ற இரும்புக் குழாய்தான் நல்லது, உள்ளூர் வெல்டிங் கடையில் செய்யலாம். சைக்கிளின் உடம்பை அதில் சேர்த்துப் பூட்டலாம். முன்சில்லை மட்டும் செருகும் வகையை வாங்கவே வேண்டாம், சில்லு வளைந்துவிடும். மரநிழலில் போட்டால் ரயர் வெடிக்காது.

மனுவில் பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. விடிய முன் மீன் ஏற்றிக்கொண்டு போகிறவர், கூலி வேலைக்குப் போகிறவர், கடைகளில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் ஏற்கனவே சைக்கிளில்தான் போகிறார்கள். அவர்களைக் கேட்பார் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிளைத் தூசு தட்டி எடுத்த உத்தியோகத்தர்களும் இருப்பார்கள், அவர்களிடமும் போங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரின் கையெழுத்தும் இருக்கட்டும். கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் போகட்டும். இந்த ஊரில் ஒரு சமூகத்தின் கோரிக்கையாகத் தெரிந்தால் அது வேறு கதையாகத் திரும்பிவிடும். வீதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

இதெல்லாம் நடக்கும் வரை மகளை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா? தேவையில்லை. நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து, முன்னால் ஒரு பெரியவரும் பின்னால் ஒரு பெரியவருமாக, குறித்த நேரத்துக்குப் போகலாம். உள்வீதி இருக்கும் இடமெல்லாம், சுற்றானாலும், அதில் போகட்டும். பெரிய வீதியில் தாரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஓடாமல் ஒரு முழம் உள்ளே, நேர்கோட்டில் ஓடப் பழக்குங்கள். நிறுத்தியிருக்கும் வாகனத்தைக் கடக்கும்போது, கதவு திறந்தாலும் படாத தூரம் வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நடுவீதிக்கு வராமல் இடப்பக்கமே நின்று, இறங்கி, கடவையால் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முன்னால் வெள்ளை லைற், பின்னால் சிவப்பு லைற் இரண்டும் கட்டாயம். நகருக்குள் மான்கள் இருட்டில் திடீரென்று வீதியைக் கடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பின்னேர வகுப்பை இருட்டுமுன் முடிக்கும்படி ஆசிரியரிடம் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

கடைசியாக நாள் கணக்கு. உள்ளூராட்சி மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த வருடத்து வரவுசெலவுத் திட்டம் வருடக் கடைசியில் சபைக்கு வரும். அதற்கான முன்மொழிவுகள் தயாராகும்போது, ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே உங்கள் கடிதம் கையில் இருக்க வேண்டும். கையளித்த திகதியும் முத்திரையும் போட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில் அதே இடங்களை மறுபடி படம் எடுத்து, அந்தப் பிரதியோடு இணைத்து இரண்டாம் முறை அனுப்புங்கள்.