இறக்குமதி கார்பன் ஃபிரேமில் ரோடு சைக்கிள்: அளந்து பார்த்த பிறகே பாகம் வாங்குங்கள்

கேள்வி: என்னிடம் அலுமினிய ரோடு சைக்கிள் ஒன்று இருக்கிறது. ஷிமானோ 105, 11 வேக கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். கியர் கேபிளில் இயங்குவது. தொழிற்சாலையிலிருந்து நேரடியாக வரும், பிராண்ட் பெயர் இல்லாத, விலை குறைந்த கார்பன் ஃபிரேம் ஒன்றை வரவழைத்து, இருக்கும் பாகங்களை அதில் பூட்ட விரும்புகிறேன். ‘டி800 கார்பன்’ என்று விற்பவர் சொல்கிறார். இது பாதுகாப்பானதா? எவையெல்லாம் பொருந்தும்? வீட்டிலேயே பூட்டிவிட முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் வேலையின் வரிசையில் கவனமாக இருங்கள். பலர் ஃபிரேமுக்குப் பணம் கட்டிய கையோடு பாட்டம் பிராக்கெட் (கிராங்கின் அச்சு சுழலும் பேரிங் தொகுதி), ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி), கேபிள் என எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். ஃபிரேம் கைக்கு வந்து, அதை நீங்களே அளந்து, உள்ளும் புறமும் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே மற்றப் பாகங்களுக்குச் செலவிட வேண்டும். பெயர்பெற்ற நிறுவனத்தின் ஃபிரேமுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி, அதைச் சோதித்தவர்களின் உழைப்புக்கும், பழுதானால் பொறுப்பேற்கும் ஏற்பாட்டுக்கும் போகிறது. நேரடியாக வரவழைக்கும் ஃபிரேமில் அந்தச் சோதனை உங்கள் பொறுப்பாகிறது. அதற்கு நேரமும் பொறுமையும் உள்ளவருக்கு மட்டுமே இதில் கிடைப்பது உண்மையான சேமிப்பு.

எடைக்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் மறுபடியும் யோசியுங்கள். நல்ல அலுமினிய ஃபிரேம் 1,200 முதல் 1,500 கிராம் வரை இருக்கும். இந்த வகைக் கார்பன் ஃபிரேம்கள் பெரும்பாலும் 900 முதல் 1,200 கிராமுக்குள் வரும். சக்கரமும் கியரும் அப்படியே இடம் மாறுவதால், இந்தச் சில நூறு கிராம் உங்கள் வேகத்தில் பெரிதாகத் தெரியாது. உடலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் அளவோ, 32 மி.மீ. டயர் போடும் அளவுக்கு இடைவெளியோ கிடைக்குமென்றால் அது நல்ல காரணம். மீடியம், லார்ஜ் போன்ற அளவுப் பெயர்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால், ஸ்டேக், ரீச் என்ற இரண்டு அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூப் (ஹெட்செட் அமரும் முன்குழாய்) உச்சியின் மையம் வரை செங்குத்தாக அளப்பது ஸ்டேக். கிடைமட்டமாக அளப்பது ரீச். ரீச் 10 மி.மீ. கூடினால் அவ்வளவு குட்டையான ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) போட்டுச் சரிசெய்துவிடலாம். ஸ்டேக் மிகவும் குறைந்தால் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்களை அடுக்க வேண்டிவரும், அதற்கு வரம்பு உண்டு.

‘டி800’ என்ற சொல்லுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். அது ஜப்பானின் டோரே நிறுவனத்துக் கார்பன் இழையின் தரப்பெயர். டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800 இழைக்கு 294 கிகாபாஸ்கல் என்பது உண்மைதான். ஆனால் அவை தனி இழையின் எண்கள். ஃபிரேமின் வலிமையைத் தீர்மானிப்பவை, இழைத் தாள்கள் எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்காக இடப்பட்டன, வார்ப்பு அச்சுக்குள் எவ்வளவு சீராக அழுத்தப்பட்டன, பிசின் எங்கேனும் தேங்கியதா என்பவை. கவனமாக அடுக்கிய டி700 ஃபிரேம், அவசரமாக அடுக்கிய டி800 ஃபிரேமைவிட நம்பத்தக்கது.

ஆகவே விற்பவரிடம் இழையைப் பற்றிக் கேட்பதைவிடச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 4210. அதன் 6-ஆம் பகுதி ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) உரிய சோதனைகளைச் சொல்கிறது. மிதிக்கும் விசையை 1 லட்சம் முறை திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்ப்பதும், 22.5 கிலோ எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவிட்டு மோதச் செய்வதும் அவற்றுள் அடங்கும். அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் உங்களுக்கு அனுப்பப்படும் ஃபிரேமின் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓட்டுபவரின் உச்ச எடை வரம்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யூசிஐ முத்திரையைக் காட்டி உறுதியளிப்பவர்களும் உண்டு. சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியம் 2011-இல் தொடங்கிய அந்த ஒப்புதல் முறை, ஃபிரேமின் வடிவமும் அளவுகளும் போட்டி விதிகளுக்கு உட்பட்டவையா என்று பார்ப்பது. அதை வலிமைக்கான சான்றாகக் கொள்ள முடியாது. பெரிய பிராண்டின் பெயர் ஒட்டிய போலி ஃபிரேமை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பெயரிலேயே பொய் சொல்பவர் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்பதை எந்த அறிக்கையைக் கொண்டும் நம்ப முடியாது.

இனி பொருத்தம். உங்கள் ஷிமானோ கிராங்கின் (மிதிகள் பூட்டிய கைகளும் அவற்றை இணைக்கும் அச்சும்) அச்சு 24 மி.மீ. விட்டமுடையது, ஆகவே கிராங்க் பெரும்பாலான ஃபிரேம்களுக்கு மாறும், பாட்டம் பிராக்கெட்தான் மாறாது. பழைய சைக்கிளில் 68 மி.மீ. அகலமுள்ள, மரை வெட்டிய பிஎஸ்ஏ வகை இருந்து, புதிய ஃபிரேம் பிபி86 வகையாக இருந்தால், 41 மி.மீ. துளையும் 86.5 மி.மீ. அகலமும் கொண்ட கூட்டில் அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட்டைப் புதிதாக வாங்க வேண்டும். இந்த அழுத்துவகைக் கூடுகளில்தான் மலிவு ஃபிரேம்களின் குறை முதலில் வெளிப்படும். துளை அரை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு பெரிதாகிவிட்டாலும், இருபுறத் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையாவிட்டாலும், மிதிக்கும்போதெல்லாம் கிரீச்சொலி கேட்கும். பேரிங்கும் சீக்கிரம் தேயும். எனவே தெரிவு உங்கள் கையில் இருந்தால் பிஎஸ்ஏ அல்லது டி47 மரைக் கூடுள்ள ஃபிரேமையே கேளுங்கள். சில கிராம் கூடுவது ஒரு பொருட்டே இல்லை. பிபி86-தான் கிடைக்கிறதென்றால், இடது வலது கிண்ணங்கள் நடுவில் ஒன்றோடொன்று மரையால் இணையும் வகையை வாங்குங்கள். சிறிய நேர்க்கோட்டுப் பிசகை அது பெருமளவு தாங்கிக்கொள்ளும். பிஎஸ்ஏ, டி47 இரண்டிலும் வலப்பக்கக் கிண்ணத்தின் மரை எதிர்த்திசையில் அமைந்தது என்பதை மறந்து முடுக்கினால் கூட்டின் மரையே பாழாகும்.

கேபிள் செல்லும் வழி அடுத்த பெரிய கேள்வி. இன்று வரும் பல ஃபிரேம்களில் எல்லாக் குழாய்களும் கேபிள்களும் ஹெட்செட்டின் மேல் பேரிங் வழியாக உள்ளே நுழைகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உங்களுடையது கேபிளில் இயங்கும் கியர். அந்தக் குறுகிய வளைவுகளில் உராய்வு கூடி, கியர் மாறுவது கனக்கும். பின்னாளில் ஹெட்செட் பேரிங்கை மாற்றுவதற்குக்கூட பிரேக் குழாயைக் கழற்றி, மறுபடி எண்ணெய் நிரப்ப நேரிடும். மின்சார கியராக இருந்தால் இவ்வளவு வலியுறுத்த மாட்டேன். உங்களுக்கு, டவுன் டியூபில் (முன்னிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்குச் சாய்வாக இறங்கும் குழாய்) கேபிள் நுழைவாய் உள்ள ஃபிரேமே ஏற்றது. எப்படியானாலும் பழைய பிரேக் குழாய்கள் நீளம் போதாமல் போகலாம், புதியவை வாங்கத் தயாராக இருங்கள். குழாயை லீவரிலிருந்து பிரித்தால் அதன் முனையில் உள்ள ஆலிவையும் (கசியாமல் அடைக்கும் சிறு வளையம்) செருகியையும் புதிதாகப் போட வேண்டும். உங்கள் ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில் மட்டுமே. வேறு சில பிரேக்குகளில் ஊற்றும் டாட் திரவம் அதன் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.

சக்கரங்களைப் பொறுத்தவரை, முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ. த்ரூ ஆக்சில் (சக்கர மையத்தின் ஊடே சென்று ஃபிரேமில் மரையால் இறுகும் இருசு) என்றால் சிக்கல் இல்லை. இருசுகளை மட்டும் பழைய சைக்கிளிலிருந்து எடுக்காதீர்கள். நீளமும் மரைப் புரியிடையும் (அடுத்தடுத்த புரிகளுக்கு இடையிலான தூரம்) ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறுபடும், 1.0, 1.5, 1.75 மி.மீ. என மூன்று வகைப் புரியிடைகள் புழக்கத்தில் உள்ளன. ஃபிரேமோடு வருவதையே பயன்படுத்துங்கள். பின் பிரேக்கைப் பிடிக்கும் போல்ட்டின் நீளம் செயின் ஸ்டேயின் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் குழாய்) தடிமனைப் பொறுத்தது என்பதால், தடிமனை அளந்த பிறகே போல்ட் வாங்க வேண்டும். டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு துண்டு) இரண்டைக் கூடுதலாக, ஃபிரேமுடனே சேர்த்து வரவழையுங்கள். அது வளைந்தோ உடைந்தோ போகும் நாளில் அதே வடிவம் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.

ஃபிரேம் வந்ததும் பெட்டியைத் திறப்பதிலிருந்தே படமெடுத்து வையுங்கள். குறை இருந்தால் திருப்பியனுப்ப அதுவே சான்று. ஒரு பாகத்தையும் பூட்டாமல், வெர்னியர் காலிப்பரால் பாட்டம் பிராக்கெட் துளையை ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு திசைகளில் அளந்து, வட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங்கை ஹெட் டியூபில் கையால் வைத்தால் ஆட்டமின்றி உட்கார வேண்டும். சக்கரத்தைப் பின்னால் பூட்டி, டயருக்கும் இருபுறச் செயின் ஸ்டேகளுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டு, பின்பு சக்கரத்தைத் திருப்பிப் பூட்டி மறுபடியும் அளந்தால், கோணல் சக்கரத்தில் இருக்கிறதா ஃபிரேமில் இருக்கிறதா என்பது தெளிவாகிவிடும். டயரின் இருபுறமும் 4 மி.மீ.-க்குக் குறையாத இடம் வேண்டும். டார்ச் அடித்து, முடிந்தால் கைப்பேசியில் இணைக்கும் எண்டோஸ்கோப் கேமராவைச் செலுத்தி, குழாய்களின் உட்புறத்தைப் பாருங்கள். வார்ப்பு அச்சில் வைத்த பையின் கிழிசல்கள் ஒட்டியிருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. இழை மடிந்து சுருக்கமாக நிற்பதும், உலர்ந்த இழை தெரிவதும், குழிகள் இருப்பதும் ஏற்கத்தக்கவை அல்ல. நாணயத்தால் குழாயின் மீது மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி ஓரிடத்தில் மட்டும் திடீரென மந்தமானால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். இணைப்புகளுக்கு அருகே சுவர் தடித்திருப்பதால் ஒலி படிப்படியாக மாறுவது இயல்பு.

உங்கள் கவனத்தில் பாதியை ஃபோர்க்குக்கே ஒதுக்குங்கள். ஃபிரேமில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் ஓசையோ தளர்வோ முன்கூட்டியே தெரியும். ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூபுக்குள் மேலேறும் ஸ்டீயரர் குழாய் உடைந்தால் சைக்கிளைத் திருப்பும் பிடியே ஒரு நொடியில் போய்விடும். எனவே ஸ்டீயரரும் ஃபோர்க்கின் தோள்பகுதியும் சேரும் இடத்தை உள்ளிருந்து பார்த்து, அங்கே சுருக்கம் தெரிந்தால் தயங்காமல் நிராகரியுங்கள். உலோக ஸ்டீயரரில் அடிக்கும் நட்சத்திர நட்டைக் கார்பன் ஸ்டீயரருக்குள் ஒருபோதும் அடிக்கக் கூடாது. விரியும் பிளக்கையே பயன்படுத்த வேண்டும். மலிவு ஃபிரேமோடு வரும் குட்டைப் பிளக் ஹெட்செட்டை இறுக்க மட்டுமே உதவும். ஸ்டெம் கவ்வும் நீளம் முழுவதும் ஸ்டீயரரை உள்ளிருந்து தாங்கும் அளவுக்கு நீளமான பிளக்கைத் தனியாக வாங்குங்கள். இந்த முழுத் திட்டத்திலும் நான் கண்டிப்பாகச் செலவிடச் சொல்லும் பொருள் அது ஒன்றுதான். சில ஃபிரேம்களில் கேபிளுக்கு இடம்விட ஸ்டீயரரின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்குரிய ஸ்பேசரும் பிளக்கும் ஃபிரேமோடு வந்தனவா என்று பாருங்கள்.

ஸ்டீயரரை வெட்டுவதற்கு முன் தற்காலிகமாக எல்லாவற்றையும் அடுக்கி, உட்கார்ந்து பார்த்து, உயரத்தை முடிவு செய்யுங்கள். வெட்டியதை நீட்ட முடியாது என்பதால் முதல் முறை சற்று நீளமாகவே விட்டுவையுங்கள். ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று வரும்படியும், அந்த ஸ்பேசரின் மேல் விளிம்பிலிருந்து ஸ்டீயரர் 2 முதல் 3 மி.மீ. தாழ்ந்திருக்கும்படியும் வெட்டினால், ஸ்டெம் தன் முழு உயரத்துக்கும் குழாயைப் பற்றும். நீங்களே வெட்டுவதானால், நுண்பல் ரம்பத்தை வழிகாட்டியில் வைத்து, வெட்டுமிடத்தை ஈரமாக்கி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து வெட்டுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்குக் கேடு. பின்பு உப்புத்தாளால் விளிம்பை மழுக்குங்கள். ஸ்டெம்மின் உட்புற விளிம்பில் கூர்மை இருந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிடுங்கள், அது இழையை அறுக்கும்.

முடுக்கும் வேலைக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஸ்டெம் போல்ட்டுகளும் சீட்போஸ்ட் கவ்வியும் வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்கும். பாகத்தின் மேல் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே செல்லும். ஸ்டெம்மின் இரு போல்ட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். உங்கள் கிராங்கின் இடப்பக்கக் கையின் போல்ட்டுகளுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். சீட்போஸ்ட் வழுக்கினால் மேலும் இறுக்காதீர்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு, நுண்துகள் கலந்த கார்பன் பேஸ்ட் பூசினால் அதே விசையில் நிற்கும். பூட்டும்போது ஸ்டாண்டின் கவ்வியை ஃபிரேம் குழாயில் மாட்டாமல், பழைய அலுமினிய சீட்போஸ்ட் ஒன்றைச் செருகி அதில் மாட்டுங்கள்; குழாயின் சுவர் பக்கவாட்டு நெருக்கலைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று.

வீட்டில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாட்டம் பிராக்கெட்டை அழுத்திப் பொருத்துவதையும், ஹேங்கரை நேராக்குவதையும், ஸ்டீயரர் வெட்டுவதையும் உரிய கருவிகள் உள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மற்றவற்றை நீங்களே நிதானமாகச் செய்யலாம். முதல் ஓட்டத்துக்கு முன், முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஹெட்செட்டில் ஆட்டம் இருந்தால் கையில் தெரியும். முதல் சில ஓட்டங்களைச் சமதளச் சாலையில், சுமாரான வேகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பின் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்டெம்மைக் கழற்றி ஸ்டீயரரைத் துடைத்து, அழுத்தத் தடமோ வெண்ணிறக் கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஃபோர்க்கை மாற்றும் வரை அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள்.